பொனற் ஓட்டையை அடைக்க வேண்டாம்

எங்கட வீட்டுப் பின்வளவில், பழைய மாட்டுக்கொட்டிலுக்குள்ள ஒரு ஜீப் நிற்கிறது. நிற்கிறது என்று சொல்வதும் அரைவாசி உண்மைதான். சேஸிஸ் நாலு கல்லுக்கு மேல் இருக்கிறது. எஞ்சின் அப்பாவின்ர கராஜ் மேசையில். சீற் இரண்டும் விறாந்தையில், அதில ஒன்றில் பூனை படுக்கிறது. எஞ்சினை மூடுகிற பொனற் மட்டும் மூன்று மாதமாகச் சுவரில் சாத்தினபடி இருக்கிறது. அதில் ஐஞ்சு ரூபாய்க் குத்தியை விடக் கொஞ்சம் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அதை அடைக்கிறதா விடுறதா என்பதுதான் எங்கட வீட்டில இப்ப நடக்கிற பெரிய சண்டை.

ஓர் ஓட்டைக்கு ஒரு கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். மூன்று மாதத்துக்கு முந்தி நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். இப்போது எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, அதை எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு பழைய பொருளை "பழையபடி ஆக்குறம்" என்று சொல்லும்போது எந்தப் பழையபடி, அதை ஆர் தீர்மானிக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் கிறைண்டரைக் கையில எடுக்கக் கூடாது.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். இது இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப். அமெரிக்காவில் வில்லிஸ் கம்பனியும் ஃபோர்ட் கம்பனியும் சேர்ந்து 1941க்கும் 1945க்கும் இடையில் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் ஃபோர்ட் தான் செய்த பாகங்களில், போல்ற் தலையில்கூட, ஆங்கில "எஃப்" எழுத்தைப் பொறித்துவிட்டது. அப்பா எனக்குத் தந்த முதல் வேலை ஒரு வாளி நிறைய போல்ற்றுகளை மண்ணெண்ணெய்யில் ஊற வைத்துக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது. "கம்பஸில படிக்கிற பெட்டைக்கு ஏன் இந்த வேலை" என்று பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால கேட்டா. மூன்றாம் நாள் ஒரு போல்ற் தலையில் துருவுக்குக் கீழே அந்த "எஃப்" தெரிஞ்சது. அதுக்குப் பிறகு அந்த வாளியை நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை.

நாலு சிலிண்டர், 2.2 லீற்றர், அறுபது குதிரைவலு. ஆறு வோல்ற் பற்றறி. ட்ரைவர் இருக்கிற சீற்றுக்கு நேரே கீழே பெற்றோல் தாங்கி. இதை யோசிச்சவன் அதில இருந்து ஓடப் போறவன் இல்லை என்று அப்பா சொல்வார்.

இதை வாங்கினது என்னுடைய பூட்டன், அதாவது அம்மம்மாவின்ர அப்பா. யுத்தம் முடிய, வெள்ளைக்காரன் கழித்துவிட்ட வண்டியொன்றைத் திருக்கோணமலையில் ஏலத்தில் எடுத்ததாக அம்மம்மா சொல்லுறா. அவவுக்கு அப்ப ஏழு வயது. இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துத்தான் இருக்கிறது, "ஸ்ரீ" இல்லை. வாகனத் தகடுகளில் சிங்கள "ஸ்ரீ" வந்தது 1957 தொடக்கத்தில். அதற்கு எதிராகத் தமிழ்ப் பகுதிகளில் தமிழ் "ஸ்ரீ"யை எழுதிக்கொண்டு ஓடின போராட்டத்தை நாங்கள் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். எங்கட ஜீப் அதுக்கு முந்தியே பதிஞ்சபடியால் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. பிறகு வந்த எல்லாவற்றுக்குள்ளும் போனது.

எண்பதுகளில் ஓடக்கூடிய ஒரு ஜீப்பை வீட்டில் வைச்சிருக்கிறது ஆபத்து. ஆர் வந்து கேட்டாலும் குடுக்கத்தான் வேணும். ஆமியும் கேக்கும், இயக்கங்களும் கேக்கும். அம்மப்பா ஒரு வழி கண்டுபிடிச்சார். வண்டியைக் கழட்டி வைச்சார். சில்லில்லாத, எஞ்சின் மூடி இல்லாத வண்டியை ஒருத்தரும் இழுத்துக்கொண்டு போக மாட்டினம். டிஸ்ரிபியூட்டர் சீலையில சுத்தி, பானைக்குள்ள வைச்சு, தோட்டத்தில தாக்கப்பட்டது. பொனற் பங்கர் வாசலுக்குப் போனது.

1987 மே 26ஆம் திகதி வடமராட்சி மீதான இராணுவ நடவடிக்கை தொடங்கியது. அந்தக் கிழமையில் ஒரு நாள் பக்கத்து வளவில் செல் விழுந்தது. பங்கருக்குள்ள அம்மம்மா, ஒன்பது வயது அம்மா, பதின்மூன்று வயது மாமா. வாசலில மண்மூட்டை, அதுக்கு மேல சாத்தின பொனற். அந்த ஓட்டை அண்டைக்கு வந்தது. துண்டைத் தடுத்தது பொனற்றா மண்மூட்டையா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அம்மம்மாவுக்கு அது பொனற்தான்.

1990 யூனில் யுத்தம் திரும்பத் தொடங்கின பிறகு பெற்றோல், பற்றறி என்று ஒரு நீண்ட பட்டியலே வடக்குக்கு வரத் தடை. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெய்யில் ஓடின கதை எல்லாருக்கும் தெரியும். ஏன் ஓடக்கூடியதாக இருந்தது என்பது எனக்கு இந்த ஜீப்பைக் கழட்டும்போதுதான் விளங்கியது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் ஸ்ராட் பண்ணக் கொஞ்சம் பெற்றோல் வேணும், சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தலாம். அழுத்தம் கூடின எஞ்சினில் அது இடிக்கும். எங்கட ஜீப்பின் அழுத்த விகிதம் 6.48க்கு 1, இன்றைய கார்களோடு பார்த்தால் மிகக் குறைவு. ஒஸ்டின், மொறிஸ் மைனர் மாதிரிக் கிழட்டுக் கார்களுக்கும் அதே குணம்தான். புதுக் கார்கள் படுத்துவிட, கிழடுகள் புகை கக்கிக்கொண்டு ஓடினதற்குக் காரணம் இதுதான்.

அப்ப அம்மப்பா ஜீப்பைத் திரும்பப் பூட்டினார். சைலன்சருக்குப் போகிற சூடான குழாயைச் சுத்தி ஒரு செப்புக் குழாயை வளைச்சு, மண்ணெண்ணெய்யைச் சூடாக்கிக் கார்பரேற்றருக்கு விட்டார். பெற்றோலுக்கு ஒரு சின்னப் போத்தல் பக்கத்தில் தொங்கினது. ஓட்டை விழுந்த பொனற்றை அப்படியே மேல போட்டார். மழை பெய்தால் ஓட்டைக்குள்ளால தண்ணி போய் பிளக் நனையும் என்று அதில ஒரு ரப்பர்த் துண்டை அடைச்சார். அந்த ஜீப்பில் மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எங்கட ஊரில இன்னும் இருக்கினம். ஒரு பிள்ளை வழியிலேயே பிறந்தது. அவருக்கு இப்ப கலியாணமாகி இரண்டு பிள்ளைகள்.

1996இல் வடமராட்சி இராணுவத்தின் கைக்குப் போனது. ஜீப் திரும்பக் கழட்டப்பட்டது, இந்த முறை பூட்டவில்லை. முன்பக்க வில்லுத் தகட்டில ஒன்றைக் கொல்லனிட்டைக் குடுத்துக் கத்தி அடிச்சாச்சு. அந்தக் கத்தியாலதான் அம்மம்மா இண்டைக்கும் தேங்காய் உடைக்கிறா.

2022இல் நாடு முழுக்கப் பெற்றோல் வரிசையில் நிண்டபோது அப்பாவின்ர கராஜுக்கு வேலை வரவில்லை. எங்களுக்கும் கம்பஸ் ஒழுங்காக நடக்கவில்லை. சும்மா இருக்க ஏலாமல்தான் அப்பா மாட்டுக்கொட்டிலைத் திறந்தார். "வாகனத்துக்கு கியூஆர் கோட்டாம், கிழமைக்கு இத்தனை லீற்றராம்" என்று சொன்னபோது அம்மம்மா சிரிச்சா. "செப்புக் குழாய் அப்பிடியே இருக்குத் தம்பி" என்று அப்பாவிடம் சொன்னா.

இதுவரைக்கும் சண்டை இல்லை. சண்டை லண்டனில இருந்து வந்தது. பங்கருக்குள்ள இருந்த அந்தப் பதின்மூன்று வயதுப் பொடியன், என்ர மாமா, இப்ப அங்கே இருக்கிறார். ஜீப்பின் படத்தை அம்மா வட்ஸ்அப்பில் அனுப்பினதோட அவர் முழுசா இறங்கிவிட்டார். ரயருக்குக் காசு, பிரேக்குக்குக் காசு, கார்பரேற்றர் திருத்துகிற பெட்டி பார்சலில். உண்மையைச் சொன்னால் அவர் இல்லாமல் இந்த வேலை போல்ற் வாளியோட நிண்டிருக்கும்.

வெளிநாட்டில் இந்தப் பொழுதுபோக்கு எவ்வளவு பெரிசு என்று எனக்கு அவர் அனுப்பின வீடியோக்களில்தான் தெரியும். ஒவ்வொரு வருசமும் யூன் 6ஐ ஒட்டிப் பிரான்சின் நோர்மண்டிக் கரையில் பழைய ஜீப்கள் வரிசையாக ஓடுகின்றன. தகப்பன் ஓட, மகன் பக்கத்தில், பேரப்பிள்ளை பின்னால். குடும்பமாகத் திருத்தின வண்டிகள். எல்லாம் கடும்பச்சை, பொனற்றில் வெள்ளை நட்சத்திரம், பக்கத்தில் படை இலக்கம். எந்தப் போல்ற் எந்த மாதம் மாறியது என்று விவாதிக்கிறார்கள். அந்தக் கவனம் எனக்குப் பிடிக்கும். பொய் சொல்லக் கூடாது. அதைப் பார்த்துத்தான் நானும் "எஃப்" தேடினேன்.

பிறகு மாமாவின்ர பட்டியல் வந்தது. செப்புக் குழாயைக் கழட்ட வேணும். வில்லு முழுசாப் புதுசு. பொனற்றுக்கு ஓட்டையை வெட்டித் தகடு வைச்சு ஒட்டி, பட்டி போட்டுத் தேய்க்க வேணும், இல்லாட்டிப் புதுப் பொனற்றே அனுப்புறார். கடைசியாகக் கடும்பச்சை பெயின்ற், வெள்ளை நட்சத்திரம். "ஒறிஜினல் மாதிரி வரவேணும் மச்சான்" என்று அப்பாவிடம் சொன்னார்.

என் ஆட்சேபம் இந்த "ஒறிஜினல்" என்ற சொல்லில் தொடங்குகிறது.

கணக்குப் பாருங்கள். இந்த ஜீப் ஆமி வண்டியாக இருந்தது கூடிப்போனால் ஒரு பத்துப் பன்னிரண்டு வருசம். அதில போர் நடந்தது மூன்று வருசம். எங்கட வீட்டில் அது எழுபது வருசமாக இருக்கிறது. அந்தப் பத்தை மட்டும் உண்மையென்று வைத்துக்கொண்டு எழுபதைச் சுரண்டி எடுப்பதை நான் எப்படி மீட்பது என்று சொல்ல? அந்த வெள்ளை நட்சத்திரத்தோடு ஓடினவன் ஆரென்று எங்களுக்குத் தெரியாது. செப்புக் குழாயை வளைச்சது ஆரென்று தெரியும்.

பச்சை நிறம் பற்றி வேற ஆக்கள் என்ன நினைக்கிறார்களோ தெரியாது, எங்கட ஊரில அது வெறும் நிறம் இல்லை. இந்திய இராணுவம் இங்கே இருந்தபோது அவர்களிடம் ஜபல்பூரில் செய்த ஜொங்காவும் மகிந்திரா ஜீப்பும் இருந்தன. மகிந்திரா கம்பனி 1940களின் கடைசியில் வாகனத் தொழில் தொடங்கினதே வில்லிஸ் ஜீப்பைப் பொருத்தித்தான். அதாவது எங்கட கொட்டிலில் நிற்கிற வண்டியின்ர தம்பி. அதே சதுர மூக்கு, அதே வட்ட லைற். 1989 ஓகஸ்ட் 2ஆம் திகதியும் அதைத் தொடர்ந்தும் வல்வெட்டித்துறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிக்கப்பட்டன. அந்தத் தெருவில் பச்சை ஜீப்பைக் கண்ட ஒரு மனுசி, எழுபத்தேழு வயதில், தன்ர வளவுக்குள்ள பச்சை ஜீப் ஒன்றைப் பார்த்துக்கொண்டு தேங்காய் துருவ வேணும் என்று நாங்கள் கேட்கப் போறமா? அம்மம்மா சண்டை பிடிக்கவில்லை. "பச்சை வேண்டாம் பிள்ளை" என்று எனக்கு மட்டும் சொன்னா. நோர்மண்டியில் பச்சை ஜீப் வந்தால் கிழவிகள் கை காட்டுவினம். அங்கே அது விடுவிக்க வந்த வண்டி. இங்கே அது என்ன செய்ய வந்தது என்பது வேற கதை. நிறம் ஒன்றானாலும் ஊர் ஒன்றில்லை.

எங்களுக்கு இராணுவ வாகனத்தைப் பாதுகாத்து வைக்கிற உதாரணம் கிட்டவே இருக்கிறது. ஏ9 வீதியால் கொழும்புக்குப் போகும்போது ஆனையிறவில் ஒரு புல்டோசர் நிற்கும். 1991 யூலைச் சமரில் புலிகள் இரும்புத் தகடு அடிச்சுக் கவச வாகனமாக மாத்தினது. அதைத் தடுத்து இறந்த காமினி குலரத்ன என்ற படையினனின் நினைவாக அது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. தெற்கிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸை நிப்பாட்டிப் படம் எடுக்கிறார்கள். தன் ஆளை நினைக்க ஒரு தரப்புக்கு உரிமை இருக்கிறது, அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் அந்த வண்டி அங்கே ஒரே ஒரு நாளுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. அது புல்டோசராக எங்கே மண் வெட்டியது, தகட்டை ஒட்டினது ஆர், உள்ளே இருந்தது ஆர் என்பதெல்லாம் அந்த இடத்தில் கேட்கிற கேள்விகள் இல்லை. வண்டி ஒன்றை ஒரு நாளுக்குள் பூட்டினால் அது கோப்பையாகிவிடும். வெண்டவன் வைக்கிற கோப்பை. எங்கட ஜீப்பையும் வெள்ளை நட்சத்திரத்துக்குள் பூட்டினால் நாங்களும் அதையேதான் செய்கிறோம். வித்தியாசம், நாங்கள் வெல்லாத ஒரு யுத்தத்தின் கோப்பையை எங்கட கொட்டிலில் வைக்கிறோம்.

இது எனக்கு மட்டும் தோன்றின யோசனை இல்லை. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றி 1964இல் வெனிஸ் சாசனம் என்று ஒன்று எழுதினார்கள். வகுப்பில் படித்தபோது பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைச்சன். அதன் 11ஆவது பிரிவு சொல்வது இதுதான்: ஒரு கட்டடத்தில் எல்லாக் காலங்களும் சேர்த்த பெறுமதியான பங்குகளை மதிக்க வேணும், எல்லாத்தையும் ஒரே பாணிக்குக் கொண்டு வருவது திருத்துவதன் நோக்கம் இல்லை. அம்மப்பாவின்ர செப்புக் குழாய்க்கு இதைவிட நல்ல வக்கீல் கிடையாது.

இதே கேள்வி யாழ்ப்பாணத்தில் முன்னரும் வந்தது, ஜீப்பை விடப் பெரிய ஒன்றுக்கு. 1981இல் எரிக்கப்பட்ட பொதுநூலகத்தை என்ன செய்வது? எரிஞ்ச சுவரை நினைவாக அப்படியே விட வேணும் என்றவர்களும் இருந்தார்கள். பழையபடி எழுப்பிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் குடுக்க வேணும் என்றவர்களும் இருந்தார்கள். கடைசியில் வெள்ளை வெளேரென்று எழும்பியது. நான் அதற்குள் இருந்துதான் படிச்சன், அது நல்ல காரியம். ஆனால் முதல்முறை போனபோது எரிஞ்ச அடையாளத்தைத் தேடினேன். கண்ணில் படவில்லை. கதை தெரியாத ஒருவருக்கு அது அழகான வெள்ளைக் கட்டடம், அவ்வளவுதான்.

வேறு நாட்டிலிருந்தும் ஓர் உதாரணம். பிலிப்பைன்சில் அமெரிக்கப் படைகள் விட்டுப்போன இதே ஜீப்களை ஊர்ச்சனம் எடுத்து, நீட்டி, கூரை போட்டு, கண்ணைப் பறிக்கிற நிறமெல்லாம் அடிச்சு, பயணிகள் வண்டியாக்கியது. ஜீப்னி என்று பெயர். அந்த நாட்டின் அடையாளமே அதுதான். அதைப் பச்சையடிச்சு "ஒறிஜினல்" ஆக்கச் சொன்னால் மணிலாவில் சிரிப்பார்கள். ஏன் எங்களுக்கு மட்டும் எங்கட கை பட்ட இடம் பழுதாகத் தெரிகிறது?

கைவேலைக்கு எங்கட ஊர் புதிசில்லை. 1930களில் இங்கே கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கிப் பெயர் மாத்தி, எங்கட ஊர் ஆக்களே ஓட்டிக்கொண்டு போக, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மாமா அடிக்கடி சொல்கிற கதை இது. "அப்பிடிப்பட்ட ஊருக்கு ஒரு ஜீப் பெரிய விசயமா" என்பார். நான் அவருக்குச் சொன்னது: மாமா, அந்த ஊரில வள்ளத்தின் பலகை உக்கினால் அந்தப் பலகையை மட்டும் மாத்துவினம். மாத்தினதைப் புதுசு மாதிரி மறைக்க மாட்டினம். அது கடலுக்குப் போக வேணும், அவ்வளவுதான்.

இனி மற்றப் பக்கம். மாமாவை வில்லன் ஆக்கிவிட்டு நான் தப்பப் போறதில்லை. போன மாதம் ஒரு ராத்திரி அவரோட தனியக் கதைச்சன். ஓட்டையை ஏன் விடக் கூடாது என்று கேட்டன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார், "பிள்ளை, நீ அதைப் படத்தில பாத்தனி. நான் அதுக்குள்ளால வெளிச்சம் வாறதைப் பாத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க இருந்தனான். எனக்கு அது இல்லாத ஜீப் ஒண்டை ஒருக்காப் பாக்கவேணும்." ஒறிஜினல், நட்சத்திரம், நோர்மண்டி எல்லாம் அந்த ஒரு வசனத்துக்கு மேல போட்ட பெயின்ற்தான் என்று அப்ப விளங்கியது. அவர் தேடுகிறது 1944ஐ இல்லை. 1987 மே மாதத்துக்கு முந்தின நாளை.

அதை நான் மறுத்துப் பேசவில்லை. பேசவும் ஏலாது. ஆனாலும் என் கருத்து மாறவில்லை. ஏனென்றால் அந்த ஓட்டை மாமாவுக்கு மட்டும் சொந்தமில்லை. அதே வெளிச்சத்தைப் பார்த்த அம்மம்மாவுக்கு அது உயிர் தப்பின அடையாளம். விளக்கீட்டுக்கு அவ அந்தப் பொனற்றுக்கு முன்னால ஒரு சிட்டி ஏத்துறா. ஒரே ஓட்டை, ஒருத்தருக்குப் பயம், ஒருத்தருக்குக் கும்பிடுற இடம். பட்டி போட்டுத் தேய்ச்சால் இரண்டும் போய்விடும், திரும்ப வராது. விட்டால் நாளைக்கும் அடைக்கலாம். திரும்ப எடுக்க ஏலாத வேலையைக் கடைசியாகச் செய்ய வேணும் என்பது கராஜிலும் ஒரு விதிதான்.

இதை ஜீப்போடு நிப்பாட்ட எனக்கு விருப்பமில்லை. எங்கட பக்கத்தில் இப்ப திருத்தப்படுகிற வீடுகளையும் கோயில்களையும் பாருங்கள். காசு வெளியில இருந்து வருகிறது, அன்போடு வருகிறது. ஆனால் அந்தக் காசோடு ஒரு படமும் வருகிறது, வெளிக்கிட்ட நாளில் மனதில் பதிந்த படம். அந்தப் படத்துக்குப் பிறகு இங்கே இருந்தவர்கள் அந்த வீட்டில் வாழ்ந்தார்கள். ஒட்டுப்போட்டார்கள், அடைச்சார்கள், தறப்பாள் கட்டினார்கள். அந்த ஒட்டெல்லாம் இப்ப அசிங்கமாகத் தெரிகிறது, அதனால் உடைபடுகிறது. போனவருக்கு நினைவு இருக்கிறது, இருந்தவருக்கு ஒட்டு இருக்கிறது. காசு குடுக்கிறவர் மட்டும் தீர்மானித்தால் இருந்தவரின் முப்பது வருசம் குப்பைக்குள் போகும். இருந்தவர் மட்டும் தீர்மானித்தால் போனவருக்குத் திரும்பி வர இடமில்லை. இரண்டு பேரும் இருந்து கதைக்க வேணும், உடைக்கிறதுக்கு முந்தி.

சும்மா தத்துவம் சொல்லிவிட்டுப் போகாமல், எங்கட கொட்டிலில் நாங்கள் ஒத்துக்கொண்டதை எழுதுகிறேன். பழைய வாகனமோ தையல் மெஷினோ வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

பிரேக் விசயத்தில் எனக்குக் கொள்கை கிடையாது. எல்லாம் புதுசு. வயரிங்கும் புதுசு, ஆறு வோல்ற்றை அப்பா பன்னிரண்டாக்குகிறார். சீற்றுக்குக் கீழ இருக்கிற தாங்கியில் துளியும் ஒழுக்கு இருக்கக் கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பழமை பேசக் கூடாது.

துருவை நிப்பாட்ட வேணும், தழும்பை இல்லை. ஓட்டையின் விளிம்பைத் துரு தின்னாமல் துடைச்சு, நிறமில்லாத வார்னிஷ் பூசலாம். செப்புக் குழாய் இருந்த இடத்திலேயே இருக்கும், எரிபொருள் மட்டும் அதுக்குள்ளால போகாது. வில்லுத் தகடு புதுசு வாங்கியாச்சு. கத்தி அம்மம்மாவிடம்தான்.

கழட்டுறதுக்கு முந்திப் படம் எடுக்க வேணும், கொப்பியில எழுத வேணும். எந்தப் போல்ற் எங்கே என்பது மட்டுமில்லை, அதை ஆர் எப்ப ஏன் மாத்தினது என்பதும். நான் எழுதுகிற கொப்பி இப்ப இரண்டாவது. பாதி விசயம் அம்மம்மாவுக்கும், ஜீப்பில் ஆஸ்பத்திரி போன ஆக்களுக்கும்தான் தெரியும். வண்டி காத்திருக்கும். அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

நிறம் பற்றி அப்பா ஒரு வேலை செய்தார். ட்ரைவரின் காலுக்கு முன்னால் இருக்கிற தகட்டில் ஓரிடத்தைத் தண்ணீர்க் கடதாசியால் மெல்ல மெல்ல வட்டமாகத் தேய்ச்சார். மரத்தின் வளையம் மாதிரி ஒவ்வொரு பெயின்ற்றும் தெரிஞ்சது. வெளியே துருப்பிடிச்ச கபிலம், பிறகு சாம்பல், பிறகு ஒரு வெளிர் நீலம், நடுவில பச்சை. அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிஞ்சு பார்த்தா. நீலத்தில விரலை வைச்சு, "இது அப்பு அடிச்சது. கோயிலுக்குப் போகேக்க இந்த நிறம்தான்" எண்டா. மாமாவுக்கு அந்தப் படத்தை அனுப்பினம். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, "நீலம் எனக்கும் கொஞ்சம் ஞாபகம் இருக்கு" என்று வந்தது. பச்சை பற்றி அதுக்குப் பிறகு அவர் கதைக்கவில்லை.

ஓட்டை பற்றி மட்டும் இன்னும் முடிவில்லை. சித்திரையில அம்மன் கோயில் இந்திர விழாவுக்கு மாமா வாறார். அதுவரைக்கும் பொனற் சுவரிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். புதுப் பொனற் அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அவர் வந்து அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து அதைப் பார்க்கட்டும். அடைக்க வேணும் என்று இரண்டு பேரும் சொன்னால் நானே பட்டி குழைச்சுக் குடுப்பன். ஆனால் அதுக்கு முந்தி, லண்டனில இருந்து வந்த ஒரு படத்தைப் பார்த்து, ஒருத்தரும் அதில கை வைக்கக் கூடாது.